ஏலேலோப் பாட்டைக் கிட்டாரில் அமைத்தல்: பழவேற்காட்டுப் பாடு முறையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கடற்கரைத் தொழிற்பாடல்களைக் கிட்டாருக்கு அமைக்க முனைவோர் பலர் அவற்றின் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்கீழ் மேற்கத்தியச் சுரக்கூட்டுகளை அடுக்குகின்றனர். தொழிற்பாட்டின் உயிர்நிலை மெட்டில் மட்டும் இல்லை; ஒருவர் அழைக்க, பலர் மறுமொழி கூறி, ஒருசேர இழுக்கும் பங்கீட்டில்தான் அது உள்ளது. அப்பங்கீட்டைக் கிட்டாரின் ஆறு தந்திகளில் எவ்வாறு நிலைநிறுத்தலாம் என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. சிலப்பதிகார உரைமரபு கூறும் நரம்புறவுகள் சுருதி அமைப்புக்கும், பழவேற்காட்டு மீனவரின் பாடு முறை பாட்டின் உரிமை பற்றிய சிந்தனைக்கும் துணைகொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஏலேலோ, அம்பா, தொழிற்பாடல், கிட்டார், பழவேற்காடு, பாடு முறை, இணை கிளை பகை நட்பு, நிகழ்த்துநர் உரிமை.

முன்னுரை

தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் ஈழத்துக் கடற்கரையிலும் வலை இழுக்கும்போதும், படகு தள்ளும்போதும், துடுப்பு வலிக்கும்போதும் பாடப்பெறும் பாடல்கள் அம்பாப் பாடல்கள் எனவும் ஏலேலோப் பாடல்கள் எனவும் வழங்கப்பெறுகின்றன. ஏலேலோ, ஐலசா ஆகிய பின்பாட்டுச் சொற்களை அறியாத தமிழர் அரியர். ஏலேலசிங்கன் என்னும் வணிகனோடு ஏலேலோ என்னும் சொல்லைத் தொடர்புபடுத்தும் செவிவழிக் கதையும் உண்டு. ஆயினும் பாடலில் இச்சொற்கள் பொருள் உணர்த்துவதற்காக வருவன அல்ல. பல உடல்களை ஒரே கணத்தில் இயக்குவதற்காக வருவன.

கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகும் இயந்திரமும் பிடித்தபின், பலர் கூடி ஒரே மூச்சில் செய்யவேண்டிய வேலைகள் குறைந்துள்ளன. வேலை குறையும்போது அதனைச் சார்ந்த பாட்டும் மேடை, வகுப்பறை, ஒலிப்பதிவுக்கூடம் ஆகிய வேறிடங்களுக்குப் பெயர்கிறது. அவ்வாறு பெயரும் பாட்டு இன்று பெரும்பாலும் கிட்டாரின் துணையோடே பாடப்பெறுகிறது. எனவே கிட்டார் அமைவு என்பது வெறும் பக்கவாத்தியச் சிக்கல் அன்று. பாட்டில் உறைந்துள்ள தொழிலின் நினைவு எஞ்சுமா, மெட்டு மட்டும் எஞ்சுமா என்பதை அதுவே முடிவுசெய்கிறது.

பழவேற்காடும் பாடு முறையும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. இங்குள்ள ஏரி, சில்காவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. சிறீஅரிகோட்டாத் தீவு ஏரியை வங்கக்கடலிலிருந்து பிரிக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்குக் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர்.

ஏரியிலும் கடலிலும் தொழில் செய்யும் குப்பங்கள் இங்கு அருகருகே உள்ளன. ஆழம் குறைந்த ஏரியில் கழி ஊன்றிப் படகைச் செலுத்துவதும், கடற்புறத்தில் அலையை எதிர்த்துப் படகைத் தள்ளுவதும், மணலில் நின்று கயிற்றை இழுப்பதும் வெவ்வேறு உடலியக்கங்கள். அவற்றிற்குப் பொருந்தும் தாளங்களும் வெவ்வேறானவை. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், இழுப்புக்குரிய கூவல்கள் இரு மொழியினர்க்கும் பொதுவாக இருப்பதும் கருதத்தக்கது. தமிழர் ஐலசா என்பதைத் தெலுங்கர் ஐலெஸ்ஸா என்பர்.

பழவேற்காட்டைச் சமூகவியலாளர்களும் மீன்வள ஆய்வாளர்களும் அறிந்திருப்பது அதன் பாடு முறையால் ஆகும். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், ஏரியில் வலையிடும் இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. பாடு என்பது வலையிடும் இடத்தையும் அங்கு வலையிடும் முறையுரிமையையும் குறிக்கும். எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்பது சீட்டு முறையால் முடிவாகிறது. இன்று வளமான இடத்தில் வலையிட்டவர் அடுத்த முறை வேறிடத்துக்குச் செல்வர். இடம் தனியொருவர்க்கு உடைமையாவதில்லை. முறை மட்டுமே அவருடையது. மரபுரிமை இல்லாத பிற குடிகளை இவ்வேற்பாடு விலக்கிவைக்கிறது என்னும் விமர்சனமும் உண்டு. பொதுவான ஒன்றைத் தன்னுடையதாக்காமல் பயன்கொள்வது எவ்வாறு என்பதற்கு உள்ளூர் தந்த விடை என்ற அளவில் இது இக்கட்டுரைக்குத் தேவையாகிறது.

தொழிற்பாட்டின் கட்டமைப்பு

வலைஇழுப்புப் பாட்டில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது முன்பாட்டு. இதனை ஒருவர் பாடுவார். சொற்கள் அவர் விருப்பத்திற்கேற்ப மாறும். கேலி, வேண்டுதல், அன்றைய நிகழ்ச்சி என எதுவும் அதில் இடம்பெறலாம். இரண்டாவது பின்பாட்டு. இதனை அனைவரும் பாடுவர், சொற்கள் மாறா. மூன்றாவது, ஏட்டில் எழுதப்படாத இடைவெளி. கயிற்றை இழுத்தபின் பிடியை மாற்றவும் காலை ஊன்றவும் தேவைப்படும் நேரம் அது.

இம்மூன்றனுள் மெட்டை மட்டும் பதிவுசெய்யும் சுரக்குறிப்பு முன்பாட்டையும் பின்பாட்டையும் ஒரே வரியாகத் தொடுத்துவிடுகிறது; இடைவெளியை வெறும் நீட்டமாக்கிவிடுகிறது. ஆகவே கிட்டாருக்கு அமைப்போர் முதலில் செய்யவேண்டுவது சுரம் எழுதுதல் அன்று; இழுப்பு எழுதுதல். பதிவைக் கேட்கும்போது எந்த அசையில் கயிறு நகர்கிறது, எந்த இடத்தில் பிடி மாறுகிறது, முன்பாட்டு முடியுமுன்பே பின்பாட்டு தொடங்குகிறதா என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயலுமாயின் பாடியவரிடமே இவற்றைக் கேட்டறிதல் நன்று. சுரங்களை அதன்பின் எழுதலாம்.

நரம்பிசை மரபும் கிட்டாரும்

நெய்தற் பாட்டை நரம்புக்கருவியில் அமைத்தல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கடற்கரைப் பாடல்கள் யாழோடு பாடப்பெறுகின்றன. பாடுவோர் பரதவர் அல்லர். வணிகனான கோவலனும் ஆடல்மகளான மாதவியும். பிறர் வாழ்வின் பாட்டைத் தம் கருவியில் ஏற்றியபோது, கேட்பவர் அதனைப் பாடியவரின் கூற்றாகவே கொண்டனர். அதனால் பிரிவு நேர்ந்தது. நெய்தற்பாட்டை யார், எவ்விடத்தில், எக்குரலில் பாடுகிறார் என்னும் வினா அக்காப்பியத்திலேயே எழுந்துவிட்டது எனலாம்.

கிட்டார் தமிழ்நாட்டில் தேவாலய இசைக்குழு, மெல்லிசைக்குழு, திரையிசை ஆகியவற்றின் வழியே பரவியது. அது தமிழிசையை எதிர்கொண்ட வழிகள் இரண்டு. சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றோர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் விரலை வழுக்கியும் கருநாடக இசையின் கமகங்களை அதில் வாசித்தது ஒரு வழி. தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜா, 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ தொடங்கி, நாட்டார் சாயல் கொண்ட மெட்டுகளுக்கு மேற்கத்தியச் சுரக்கூட்டுகளையும் எதிரிசையையும் பொருத்தியது மற்றொரு வழி. முன்னது தனி இசைஞரின் நுட்பத்தை முதன்மைப்படுத்துவது. பின்னது திரைப்படத்தின் தேவைக்காகப் புதிதாகப் படைக்கப்பட்டது. கூட்டமாகப் பாடும் தொழிற்பாட்டுக்கு இவ்விரண்டிலிருந்தும் கற்கலாம். ஆயின் இரண்டும் அப்படியே பொருந்துவன அல்ல.

சுருதி அமைத்தல்

யாழை வாசிக்குமுன் செய்யப்படும் செயல்களுள் முதலாவதைப் பண்ணல் என்பது இலக்கண மரபு. பாடக் கருதிய பண்ணுக்கேற்ப நரம்புகளின் உறவறிந்து அவற்றை இறுக்கி அமைத்தலே பண்ணல். அவ்வுறவுகள் இணை, கிளை, பகை, நட்பு என நான்காகும். நின்ற நரம்பிலிருந்து எண்ண, ஐந்தாம் நரம்பு கிளை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றாம் நரம்பும் ஆறாம் நரம்பும் பகை என்பர். இன்றைய வழக்கில் கூறினால் சட்சத்திற்குப் பஞ்சமம் கிளை, மத்திமம் நட்பு, காந்தாரமும் தைவதமும் பகை.

மேற்கத்தியச் சுரக்கூட்டின் அடிப்படையோ முதல், மூன்று, ஐந்து ஆகிய சுரங்களின் சேர்க்கை. அதாவது தமிழ் மரபு பகை எனப் பெயரிட்ட மூன்றாம் சுரமே அங்குக் கூட்டின் இயல்பைத் தீர்மானிக்கிறது. இரு மரபுகளும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு நோக்கத்தவை. ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தவறெனல் இயலாது. ஆயினும் இவ்வேறுபாடு நடைமுறையில் ஒரு சிக்கலைத் தெளிவாக்குகிறது. நாட்டார் பாடகர் காந்தாரத்தைச் சாதாரணத்திற்கும் அந்தரத்திற்கும் இடைப்பட்ட இடத்தில் நிறுத்துவதுண்டு. ஒரே பாட்டில் இரண்டையும் தொடுவதும் உண்டு. அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டில் ஒரு காந்தாரத்தை நிலையாக வைத்தால், பாடகரின் காந்தாரம் பிசகியதுபோல் தோன்றும். பிசகியது குரல் அன்று, கூட்டே.

இதற்குத் தீர்வு, காந்தாரம் இல்லாத சுருதி அமைப்பு. கிட்டாரின் வழக்கமான அமைப்பு, தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது. இதில் ஆறாம் தந்தியையும் முதல் தந்தியையும் ஈயிலிருந்து டிக்கும், இரண்டாம் தந்தியைப் பியிலிருந்து ஏக்கும் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்னும் அமைப்புக் கிடைக்கும். இதனை 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டேவி கிரகாம் பரவலாக்கினார். மொரோக்கோவில் ஊது என்னும் நரம்புக்கருவியோடு இசைந்து வாசிக்கும் தேவையிலிருந்து அது பிறந்தது. டியைச் சட்சமாகக் கொண்டால் ஆறு தந்திகளும் ச, ப, ச, ம, ப, ச என நிற்கும். முதலும் கிளையும் நட்பும் மட்டுமே உள்ள இவ்வமைப்பில் காந்தாரத்தைப் பாடகரே முடிவுசெய்வார். அவருடைய சுருதி மேலானதாயின், தந்திகளை மேலும் முறுக்காமல் காப்போவைப் பொருத்தி உயர்த்திக்கொள்ளலாம்.

தந்திகளைப் பகிர்தல்

சுருதி அமைந்தபின், முன்பாட்டுக்கும் பின்பாட்டுக்கும் தந்திகளைப் பகிர வேண்டும்.

ஆறாம், ஐந்தாம் தந்திகள் கட்டைவிரலுக்கு உரியவை. இவை இழுப்பைக் குறிப்பன. இழுப்பு நிகழும் இடத்தில் மட்டுமே ஒலிக்க வேண்டும். முன்பாட்டு பெரும்பாலும் மூன்றாம், இரண்டாம், முதல் தந்திகளில் ஒற்றைத் தந்தி இசையாக நிகழும். மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டினால் மத்திமம். அதன் 2ஆம் ஃபிரெட்டில் பஞ்சமம். முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் மேற்சட்சம். அதன் 2ஆம் ஃபிரெட்டில் ரிடபம், 3இல் சாதாரண காந்தாரம், 4இல் அந்தர காந்தாரம், 5இல் மத்திமம், 7இல் பஞ்சமம். இடைப்பட்ட காந்தாரம் வேண்டுமாயின் 3ஆம் ஃபிரெட்டில் அழுத்தித் தந்தியைச் சிறிது பக்கவாட்டில் இழுத்தல் போதும்.

பின்பாட்டு கூட்டத்தின் குரல். கூட்டம் பல சுரங்களை அடுக்கிப் பாடுவதில்லை. ஒரே சுரத்தை அவரவர் குரலுக்கேற்ப மேல்நிலையிலும் கீழ்நிலையிலும் பாடுகிறது. இவ்வமைப்பில் நான்காம் தந்தியும் முதல் தந்தியும் ஒரே சுரத்தின் இரு நிலைகள். ஆதலின் இரண்டையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்தி ஒருசேர மீட்டினால் எட்டுச்சுர இடைவெளியில் அதே சுரம் இரட்டித்து ஒலிக்கும். ஐந்தாம், இரண்டாம் தந்திகளுக்கும் இவ்வுறவு பொருந்தும். தனிக்குரலுக்கு ஒற்றைத் தந்தி, கூட்டத்திற்கு இரட்டைத் தந்தி என்னும் இவ்வேறுபாட்டைச் சொல்லின் துணையின்றியே கேட்பவர் உணர்வர்.

எடுத்துக்காட்டாக, எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றைக் கொள்ளலாம். 1 முதல் 4 வரை முன்பாட்டு. 5 முதல் 8 வரை பின்பாட்டு. இழுப்பு 5இலும் 7இலும் விழுகிறது. முதல் நான்கு எண்ணிக்கையில் கட்டைவிரல் ஓய்ந்திருக்கும். 5இல் கட்டைவிரல் ஆறாம், ஐந்தாம் தந்திகளை ஒருங்கே மீட்ட, மற்ற விரல்கள் நான்காம், முதல் தந்திகளில் பின்பாட்டை எழுப்பும். 6இல் உள்ளங்கையின் ஓரத்தால் தடித்த தந்திகளின் ஒலி அடக்கப்படும். 7இல் மீண்டும் இழுப்பு. 8இல் எதுவும் மீட்டப்படாது. பிடி மாறும் நேரம் அது. பயிலுநர் பலர் இவ்விடத்தைக் கண்டவுடன் உதிரிச் சுரங்களால் நிரப்ப விழைவர். நிரப்பினால் பாட்டு இனிமையாகலாம். ஆனால் கயிறு கையைவிட்டுப் போய்விடும்.

காலமும் முடிவும்

கிட்டார் பயிற்சியில் மெட்ரோனோம் கொண்டு சீரான வேகத்தில் வாசித்தல் முதற்பாடமாகக் கருதப்பெறுகிறது. வலைப்பாட்டின் வேகமோ வலையின் எடையைப் பொறுத்தது. வலை தொலைவில் இருக்கையில் இழுப்பு நிதானமாக நிகழும்; மடி கரையை நெருங்குகையில் விரையும். எனவே அமைவில் வேக மாற்றத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையாகவே திட்டமிடுதல் நன்று. முதற்சில சுற்றுகளில் முன்பாட்டு நீண்டு, சொல் விளையாட்டுக்கு இடம்தரும். இடைச்சுற்றுகளில் முன்பாட்டின் கடைச்சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பின்பாட்டு தொடங்கும். இறுதிச் சுற்றுகளில் முன்பாட்டு இரண்டு எண்ணிக்கையாகச் சுருங்கி, இழுப்புகள் நெருங்கும்.

முடிவும் அவ்வாறே. ஒலியைப் படிப்படியாகக் குறைத்து மறையச் செய்தல் ஒலிப்பதிவில் எளிய வழி. வலை கரையேறியவுடன் பாட்டு நின்றுவிடுகிறது. வேலை முடிந்தபின் பாட்டுக்குத் தேவையில்லை. ஆகவே ஆறு தந்திகளையும் ஒருசேர மீட்டி, உடனே கையால் அடக்கி நிறுத்துதல் பொருத்தமான முடிவாகும்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் லெட் பெல்லி இதற்கு நல்ல ஒப்பீடு. லூசியானா மாநிலத்தின் அங்கோலா சிறையில் இருந்த அவரை 1933இல் ஜான் லோமாக்சும் அவர் மகன் ஆலன் லோமாக்சும் ஒலிப்பதிவு செய்தனர். பின்னர் அவர் பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு மேடைகளில் பாடியபோது, சுத்தியல் பாட்டில் அடி விழும் ஒவ்வோரிடத்திலும் உரத்த மூச்சொலி ஒன்றை எழுப்பினார். மேடையில் சுத்தியல் இல்லை. ஆயினும் அதன் அடி பாட்டில் இருந்தது. தொழிலிலிருந்து விலகிய பாட்டில் தொழிலை இருத்துதல் இயலும் என்பதற்கு இது சான்று.

உரிமை

லெட் பெல்லியின் வரலாறு மற்றொன்றையும் உணர்த்துகிறது. அவர் பாடிப் பரப்பிய ‘குட்நைட் ஐரீன்’ என்னும் பாட்டை வீவர்ஸ் குழுவினர் 1950இல் பாடிப் பெரும்புகழ் பெற்றனர். லெட் பெல்லி அதற்கு முந்தைய ஆண்டின் டிசம்பரிலேயே இறந்துவிட்டார். அப்பாட்டின் படைப்புரிமையில் அவர் பெயரோடு பதிவுசெய்த ஜான் லோமாக்சின் பெயரும் இணைந்திருந்தது. வாய்மொழியாக வந்த பாட்டு ஒலிப்பதிவாகவும் இசையமைவாகவும் மாறும்போது, பயன் யாரைச் சேர்கிறது என்னும் வினா தவிர்க்க இயலாதது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இசைப்படைப்பின் மறு அமைவைத் தழுவல் என வரையறுக்கிறது. பழம்பாட்டிற்கு ஆசிரியர் பெயர் இல்லை. எனவே அதனைத் தழுவ எவருடைய ஒப்புதலும் சட்டப்படி தேவையில்லை என்னும் நிலை உண்டாகிறது. ஆனால் குப்பத்தில் ஒருவர் பாடியதைப் பதிவுசெய்தால், பாடியவர் நிகழ்த்துநர் ஆகிறார். நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிப்பது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தம் நிகழ்த்துகைக்குத் தாமே உரியவர் என அடையாளம் காட்டப்பெறும் உரிமையையும் அவர்க்கு வழங்கியுள்ளது. ஆகவே களப்பதிவைக் கொண்டு அமைவு செய்வோர் பாடியவரின் ஒப்புதலைப் பெறுதல், அவர் விரும்பினால் பெயரையும் ஊரையும் குறித்தல், பாடலின் வடிவம் எவரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும் தாம் மாற்றியவை எவை என்பதையும் தனித்தனியே பதிவுசெய்தல் ஆகியவற்றைச் செய்தல் வேண்டும். வருவாய் கிட்டினால் அதன் பகிர்வையும் முன்னரே பேசி முடிவுசெய்தல் முறை.

சட்டம் வரையறுக்காத பகுதிக்குப் பாடு முறை ஒரு சிந்தனை வடிவத்தைத் தருகிறது. பாட்டு, ஏரியின் வலையிடம் போன்றது. அதில் தம் முறையில் வலையிட்டவர் அன்று கிடைத்த மீனுக்கு உரியவர், இடத்துக்கு அல்லர். கிட்டார் அமைவைச் செய்தவரும் தம் விரலமைப்பு, சுருதித் தேர்வு, சுற்றுகளின் திட்டம் ஆகியவற்றுக்கு உரிமை கோரலாம். முன்பாட்டையும் பின்பாட்டையும் தமதென்று கோருதல், முறை முடிந்தபின்னும் இடத்தைவிட்டு நகராதிருத்தலை ஒக்கும்.

முடிவுரை

தொழிற்பாட்டைக் கிட்டாருக்கு அமைத்தலில் முதன்மையானது சுரக்கூட்டுகளின் செறிவு அன்று, பாட்டின் பங்கீடு. இழுப்பை முதலில் குறித்துக்கொள்ளுதல், கிளையும் நட்பும் கொண்ட சுருதியில் காந்தாரத்தைப் பாடகர்க்கே விடுதல், தனிக்குரலுக்கும் கூட்டத்திற்கும் தந்திகளைப் பகிர்தல், பிடி மாறும் இடைவெளியை நிரப்பாதிருத்தல், வேலை முடியுமிடத்தில் நிறுத்துதல் என்னும் ஐந்தும் அப்பங்கீட்டைக் காப்பன. இவ்வாறு அமைந்த பாட்டை மீண்டும் குப்பத்தில் வாசித்துக் காட்டுவதே இறுதிச் சோதனை. கேட்போர் பின்பாட்டு வரும் இடத்தில் தாமாகவே குரல் கொடுத்தால் அமைவு பொருந்தியுள்ளது. அவர்கள் அமைதியாகக் கேட்டுவிட்டுக் கைதட்டினால், எண்ணிக்கையை மீண்டும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.